வேலை செம்புக்கு, பேர் வெள்ளிக்கு

வீரராஜேந்திர சோழருக்கு அடக்கம் என்கிற வியாதி கிடையாது. 1068 வாக்கில் திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வெட்டிய கல்வெட்டைப் பாருங்கள். சாளுக்கியர்களை எப்படியெல்லாம் ஓட ஓட விரட்டினார் என்று நீட்டி முழக்கிவிட்டுத்தான் மேட்டருக்கே வருகிறது. மேட்டர், 15 படுக்கை கொண்ட கோயில் ஆஸ்பத்திரி. அதன் பெயர்? வீரசோழன். ஸ்டிக்கர் ஒட்டும் கலை நேற்று வந்தது என்றா நினைத்தீர்கள்!

வைத்தியருக்கு 90 கலம் நெல், 8 காசு. கத்தி பிடிக்கும் சர்ஜனுக்கு வெறும் 30 கலம். இன்றைய சர்ஜன்கள் இந்தக் கல்வெட்டுப் பக்கமே போகாமலிருப்பது மனசுக்கு நல்லது.

மருந்து லிஸ்டில் ‘தாம்ராதி’ என்று ஒரு செம்பு அயிட்டமும் உண்டு. “சோழர் காலத்திலேயே காப்பர் டி!” என்று வாட்ஸ்அப்பில் தட்டக் கிளம்பிய விரலை அப்படியே மடக்குங்கள். கருத்தடையைப் பற்றி அங்கே மூச்சே இல்லை.

காப்பர் டி என்பது கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம். அந்த வேலைக்காகச் செம்புக்கு முன்னால் உள்ளே போனது, காஞ்சிக்காரர்கள் காலரைத் தூக்கிக்கொள்ளலாம், பட்டு! டாக்டர்கள் தையல் போட வைத்திருந்த பட்டுப்புழு நரம்பை 1909-இல் ஜெர்மனியின் ரிச்சர்ட் ரிக்டர் வளையமாக்கி உள்ளே வைத்தார். இங்கே அந்தப் புழு கல்யாணத்துக்கு உழைத்தது. அங்கே, கல்யாணத்துக்கு அப்புறம்.

அடுத்து பெர்லின் டாக்டர் எர்ன்ஸ்ட் கிராஃபென்பெர்க். பட்டில் ஆரம்பித்து வெள்ளிக் கம்பிக்கு மாறினார். ரிசல்ட் பிரமாதம். 1930-இல் ஜூரிச் மாநாட்டில் எழுந்து நின்று சொன்னார். பிற்பாடு தெரிந்த சேதி: அந்த ‘வெள்ளி’யில் சுமார் 26 சதவீதம் செம்பு! வெள்ளி எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று பார்க்காமல் காஞ்சிபுரத்தில் ஜரிகைகூட வாங்கமாட்டார்கள். மனுஷர் அதைக் கருப்பைக்குள்ளேயே வைத்துவிட்டார்! உலகம் இன்று அவரை நினைப்பதும் வளையத்துக்காக இல்லை. ஜி-ஸ்பாட் என்கிறார்களே, அந்த ‘ஜி’ சாட்சாத் இவர்தான்.

அப்புறம் பிளாஸ்டிக் யுகம். 1965-இல் நம் சர்க்கார் ஊர் ஊராக லூப் போட்டது. அமெரிக்காவில் ஹோவர்ட் டேட்டம், கருப்பையின் வடிவத்துக்குத் தோதாக டி வடிவத்தில் ஒன்று செய்தார். உறுத்தாமல் அழகாகப் பொருந்தியது. ஒரே குறை: ஒரு வருஷத்தில் 100 பேரில் 18 பேர் முழுகாமல் இருந்தார்கள்.

காப்பாற்றியது சிலி நாட்டு ஹைமே சிப்பர். முயலின் கருப்பைக்கு இரண்டு கிளை. ஒன்றில் செம்புக் கம்பி வைத்தார். இன்னொன்றைச் சும்மா விட்டார். சும்மா விட்ட பக்கம் குட்டிகள் தங்கின. செம்புப் பக்கம் கிட்டத்தட்ட காலி. அதே கம்பியை டேட்டத்தின் டி-யில் சுற்றியதும் 18 என்பது ஒன்றுக்கு வந்து நின்றது. முயல்களுக்கு யாரும் சிலை வைக்கவில்லை.

உள்ளே நடப்பது இதுதான். செம்பு துளித்துளியாக அயனிகளை விடும். கருப்பையில் கிருமியில்லாத லேசான அழற்சி உண்டாகும். கோடிக்கணக்கில் படையெடுத்து வரும் விந்தணுக்கள் நீந்தத் தெம்பில்லாமல் பாதி வழியில் படுத்துவிடும். முட்டையைச் சந்திக்கவே முடியாது என்றால் கரு ஏது? ஹார்மோன் சமாசாரம் எதுவும் இல்லை. காப்பர் டி 380ஏ பத்து வருஷம் தாங்கும். வீரராஜேந்திரர் ஆண்டதே ஏழு வருஷம்தான்.

முதல் சில மாதம் உதிரப்போக்கும் வலியும் கூடலாம். வேண்டாம் என்றால் நர்சம்மாவிடம் சொல்லி எடுத்துவிடலாம். மறுபடி கர்ப்பம் தரிக்கத் தடையில்லை. பால்வினை நோயை மட்டும் இது தடுக்காது. அந்த டிபார்ட்மென்ட் ஆணுறையுடையது. அதை ஆண்பிள்ளைதான் போட்டுக்கொள்ள வேண்டும். வீரர்களுக்குப் பஞ்சம் வருவது அங்கேதான்.