பழைய சைக்கிளும் புதிய மேதாவிகளும்

உக்கடம் வாசகர்: என் ராலே சைக்கிளைப் பார்ப்பவரெல்லாம், "இரும்புக்குப் போட்டா என்னங்க தேறும்?" என்கிறார்களே?

"எடைக்கடைக்குத்தானுங்க போறேன், நீங்களும் பின்னாடி ஏறுங்க, ஒண்ணாவே போட்டுரலாம்" என்று சொல்லிப் பாருங்கள்.

பொள்ளாச்சி வாசகர்: என் ஹெர்குலிஸ் சீமைச் சரக்கே இல்லை, அம்பத்தூரில் செய்தது என்று டீக்கடையில் ஒருவர் அடித்துப் பேசுகிறார்.

டீக்காசை நீங்களே கொடுத்துவிடுங்கள், அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஹெர்குலிஸ் 1910-ல் பர்மிங்காமில் பிறந்தது. 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அதே பெயரில் அம்பத்தூரிலும் வண்டி செய்தது.

ஈரோடு வாசகர்: "அந்தக் காலத்துச் சைக்கிளுக்கு மூணு கியரா? கதை விடாதீங்க" என்று சத்தம் போடுகிறார் ஒருவர்.

வாயைத் திறக்காதீர்கள், துணியை எடுங்கள். பின்சக்கர ஹப்பில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தால் 'ஸ்டர்மி ஆர்ச்சர் ஏ.டபிள்யூ.' என்று தெரியும். பக்கத்திலேயே வருடமும் குத்தியிருக்கும்: 52 என்றால் 1952. அந்த மூன்று கியர் ஹப் 1936-லேயே வந்துவிட்டது. (துடைத்த துணியை அவரிடமே கொடுத்துவிடலாம்.)

சிங்காநல்லூர் வாசகர்: கேட்காமலே பெல் அடிக்கிறார், கம்பி பிரேக்கை அமுக்குகிறார், "நான் ஓட்டாத சைக்கிளா!" என்கிறார்.

மருதமலை அடிவாரம் வரை மிதித்துவிட்டு வரச் சொல்லுங்கள். பெல்லைத் தவிர எல்லாவற்றையும் மறந்துவிடுவார்.

பீளமேடு வாசகர்: கார் வாங்க வக்கில்லாமல்தானே நீர் சைக்கிளில் போகிறீர்?

ஆமாங்க. சாயங்கால நேரம் அவிநாசி ரோட்டில் கார்களை முந்த வேறு வழி தெரியவில்லை.