10 ஆம்பியரில் 1000 வாட்ஸ்

தொண்ணூறுகளின் கொங்கு நாட்டில், ஒருவன் எந்த பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறான் என்பதை வைத்தே அவனுடைய சங்கீத ரசனையைச் சொல்லிவிடலாம். ஈரோட்டிலிருந்து கரூருக்குத் தனியார் பஸ்கள் வரிசையாகக் கிளம்பும். முன்னால் நிற்பதில் ஜன்னலோர இடம் இருந்தாலும் ஏறாமல், அடுத்ததற்காக நிற்கும் கூட்டம் ஒன்று உண்டு. அதில்தான் பாட்டு 'அடிக்கும்'. பஸ்ஸுக்கு பாடி கட்டுவதில் பேர்போன கரூரில், சீட்டு எங்கே வரும் என்று முடிவு செய்வதற்கு முன்பே ஸ்பீக்கருக்கு ஓட்டை போட்டுவிடுவார்கள் என்பது எங்கள் நம்பிக்கை. கண்டக்டர் கேட்பது உதட்டசைவில்தான் தெரியும். பாக்கிச் சில்லறை பற்றிய தகராறுகள் அந்த பஸ்களில் நடந்ததே இல்லை. யாருக்குக் கேட்கப் போகிறது?

அந்த பஸ்களில் காது பழகியவர்கள், சீட்டு எடுத்த பணத்தில் செகண்ட் ஹேண்ட் மாருதியோ ஃபியட்டோ வாங்கியபோது யாரும் மைலேஜ் கேட்கவில்லை. "செட்டு என்ன செட்டுங்?" என்றுதான் கேட்டார்கள். சென்னை பர்மா பஜாரிலிருந்து பில் இல்லாமல் வந்த பயனியரோ கென்வுட்டோ அது. அதன் முகப்பு மட்டும் தனியாகக் கழன்று வரும். திருடனுக்குப் பயந்து செய்த ஏற்பாடு. நாங்களோ அதைக் கழற்றி எடுத்துப்போய் டீக்கடை மேஜைமேல் வைத்தோம். டீ ஆறுவதற்குள் நாலு பேராவது பார்ப்பார்கள்.

பின்பக்கப் பலகையில் இரண்டு ஓவல் ஸ்பீக்கர் வைத்தாயிற்று என்றால் அடுத்த படி சப்-ஊஃபர். அதுவும் 12 இஞ்ச். எட்டு இஞ்ச் வாங்கியவன் யாராவது இருந்திருந்தால் வெளியே சொல்லியிருக்க மாட்டான். டப்பா அடிப்பது கட்டில், பீரோ செய்யும் அதே ஆசாரி.

"டப்பா எவ்வளவு பெருசுங் வேணும்?"

"டிக்கி எவ்வளவு பெருசோ அவ்வளவு."

அந்த ஊஃபருக்கு எத்தனை கன அடி காற்று தேவை என்று கம்பெனிக்காரன் ஒரு தாளில் அச்சடித்துக் கூடவே அனுப்பியிருப்பான். அந்தத் தாளில் கடைப் பையன் வடை வைத்துத் தின்றுகொண்டிருப்பான். அதற்குப் பிறகு குடும்பத்தோடு பழனிக்குப் போனால் துணிப்பைகள் எல்லாம் பெண்கள் மடியில். டிக்கியில் டப்பா மட்டும் கால்நீட்டிப் பயணம் செய்யும்.

ஆம்ப்ளிஃபையரின் மேல் '1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' என்று தங்க எழுத்தில் ஒட்டியிருக்கும். அதையே திருப்பிப் பார்த்தால், ஒயர் நுழையும் இடத்தில் குட்டியாக ஒரு ஃபியூஸ்: 10 ஆம்பியர். ஓடுகிற வண்டியில் மின்சாரம் 14 வோல்ட்டுக்குப் பக்கம். பத்தைப் பதினாலால் பெருக்கினால் 140 வாட்ஸ். அதிலும் ஒரு பங்கு சூடாகப் போய்விடும். மிச்சமிருந்த எட்டு நூற்றுச் சொச்சம் வாட்ஸும் ஸ்டிக்கரிலேயே குடியிருந்தது. தொடர்ந்து எவ்வளவு தர முடியும் என்பதைச் சொல்வது ஆர்.எம்.எஸ். கணக்கு. அது பெட்டியின் அடியில், எறும்பு சைஸ் எழுத்தில் இருக்கும். குனிந்து படிக்கிறவனைக் கஞ்சன் என்றார்கள்.

டெஸ்ட் செய்ய ஒரு பாட்டு போதும்: 1994-இல் வந்த காதலனின் முக்காலா. பாஸ் முழுக்க, ட்ரெபிள் முழுக்க, 'லவுட்னஸ்' பட்டனும் உள்ளே. பாடுகிறவர் குரல் இரண்டுக்கும் நடுவே எங்கோ அமுங்கிக் கிடக்கும். அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. எல்லோர் கண்ணும் முகம் பார்க்கும் கண்ணாடிமேல். பின்னால் நிற்கும் ஒரு லாரி அதில் மூன்று லாரியாகத் தெரிந்தால் ஃபிட்டிங் பாஸ். நம்பர் பிளேட் தகரம் கடகடவென்று அடித்துக்கொள்ளும். பையன் வந்து ஒரு துண்டு சைக்கிள் ட்யூப்பை இடுக்கில் சொருகிவிட்டு, "இப்ப கேளுங்ணா" என்பான். ராத்திரி நேரத்தில் ஒவ்வொரு அடிக்கும் பேட்டரி தொய்ந்து ஹெட்லைட் மங்கிப் பிரகாசிக்கும். எதிரே வரும் லாரிக்காரர் நாம் டிம்-பிரைட் போடுகிறோம் என்று நினைத்து மரியாதையாகப் பதிலுக்குப் போடுவார்.

சத்தம் நிச்சயமாக இருந்தது. பாஸ் இருந்ததா என்பது வேறு விஷயம். துளை வைத்த டப்பா, தான் ட்யூன் ஆன அலைவரிசைக்குப் பக்கத்தில்தான் அதிகமாக முழங்கும். கணக்கில்லாமல் அடித்த டப்பா அந்த ஒரே இடத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கும். 1982-இல் வந்த இளைய நிலா பாட்டில் கிடாருக்குக் கீழே பேஸ் கிடார் நடந்துபோவதைக் கேட்க வேண்டும். அந்த வாத்தியத்தின் மிகத் தாழ்ந்த கம்பி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். அங்கிருந்து அது ஏறுகிறது, இறங்குகிறது, வளைகிறது. எங்கள் டப்பாவில் எல்லாம் ஒரே 'டும்'. என்ன மனு கொடுத்தாலும் 'நாளைக்கு வா' என்கிற கவுண்டர் மாதிரி, எந்த ஸ்வரம் உள்ளே போனாலும் ஒரே பதில்தான் வெளியே வந்தது. இளையராஜா எழுதிய வேலையில் பாதி டிக்கியோடு நின்றுபோனது.

இப்போது என் தங்கச்சி பையன் கார் வாங்கியிருக்கிறான். கோவையில் ஒரு கடை, அதை 'ஸ்டூடியோ' என்கிறார்கள். ஏ.சி., காபி எல்லாம் உண்டு. வண்டியின் கதவைப் பிரித்து உள்ளே ரப்பர் ஷீட் ஒட்டுகிறார்கள். தலை சாயும் இடத்தில் ஒரு மைக்கை மாட்டி, சத்தம் எங்கே பெருக்கிறது, எங்கே குழிகிறது என்று லேப்டாப்பில் கோடு போட்டுப் பார்க்கிறார்கள். பக்கத்துக் கதவு ஸ்பீக்கர் முந்திக்கொண்டு பேசாமல் இருக்க அதைச் சில மில்லி செகண்ட் காக்க வைக்கிறார்கள். என் கல்யாணத்துக்கு ஜாதகம் பார்த்தபோதுகூட இவ்வளவு நேரம் ஆகவில்லை.

பையன் விவரமானவன்தான். "மாமா, கெயின் திருகி வால்யூம் இல்லைங். செட்டு அனுப்பற வோல்ட்டுக்கு ஆம்ப்பைப் பொருத்தறது அது. அதை முழுக்கத் திருப்புனா அலையோட தலை வெட்டுப்படும், காயில் கருகிப்போயிடும்." கருகிய காயிலின் வாசனை எனக்கு அவன் பிறப்பதற்கு முன்பே பழக்கம் என்று நான் சொல்லவில்லை. சீல் வைத்த 10 இஞ்ச் டப்பா போதும் என்கிறான். சத்தம் கொஞ்சம் குறையும், ஆனால் அடி இறுக்கமாக விழும். மேலும், மூடிய காருக்குள் அடிமட்ட ஒலி தானாகவே கூடும். 80 ஹெர்ட்ஸுக்கு மேலே ஊஃபர் வாய் திறக்கக் கூடாது, இல்லாவிட்டால் பாஸ் பின்னாலிருந்து வருவது தெரிந்துவிடும். எல்லாம் சரி.

கடைக்காரர் இன்னும் ஒன்று சொன்னார். வாட்ஸை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இருமடங்கு சத்தமாகத் தெரிய வேண்டும் என்றால் ஏறக்குறைய 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட்ஸ். "காசுதாங் சார் ரெண்டு மடங்கு ஆகும், சத்தம் ஆகாது." இத்தனை நேர்மையாகப் பேசிவிட்டு அவர் எப்படி அந்த ஏ.சி.க்குக் கரண்ட் பில் கட்டுகிறார் என்பது தெரியவில்லை.

நாங்கள் அன்று உள்ளே அழுத்திய 'லவுட்னஸ்' பட்டன் எதற்கு என்பது இப்போதுதான் உறைக்கிறது. 1933-லேயே ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் அளந்து சொல்லியிருக்கிறார்கள்: சத்தத்தைக் குறைக்கக் குறைக்க மனிதக் காது முதலில் கோட்டை விடுவது அடிமட்டத்தைத்தான். அதை ஈடுகட்டத்தான் அந்த பட்டன். மெதுவாகக் கேட்கிறவனுக்காகச் செய்தது அது. நாங்கள் முழு வால்யூமில் அழுத்தினோம். யோசித்தால் சப்-ஊஃபரும் அவனுக்குத்தான் அதிகம் தேவை. நூறில் ஓடும்போது டயர் இரைச்சல் விழுங்குவதும் இந்தக் கீழ் ஒலிகளைத்தான். கத்த வைப்பதற்கு ஓவல் ஸ்பீக்கரே போதும்.

இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டு ரசிக்கும் வயதும் வசதியும் வந்தபோது பாட்டுகள் மாறிவிட்டன. அன்று தாழ்ந்து எழுந்து வந்த பாட்டை எங்கள் டப்பா தட்டையாக்கியது. இன்று டப்பா சுத்தம். பெரும்பாலான பாட்டுகள் ரெக்கார்டிங்கிலேயே மேலே கீழே இல்லாமல் முட்ட முட்ட இடித்து நிரப்பப்பட்டு வருகின்றன. காதும் மாறியிருக்கிறது. வயதானால் முதலில் போவது உச்ச ஒலிகள். ஜால்ரா எனக்குப் பாதிதான் கேட்கிறது. கீழே இருக்கும் பாஸ் பத்திரமாக இருக்கிறது. போகட்டும், பழகியதுதான் நிலைக்கும்.

மறுபக்கம், வண்டிகள் ஊமையாகிக்கொண்டு வருகின்றன. மின்சாரக் காருக்கு எந்தச் சத்தமும் இல்லை என்று மஹிந்திரா கம்பெனிக்காரர்கள், அதற்கு ஒலி செய்து கொடுக்க ஏ.ஆர். ரஹ்மானையே பிடித்திருக்கிறார்கள். முக்காலாவை வைத்து வண்டியை உலுக்கிப் பார்த்த எங்களுக்கு இது நியாயமான முன்னேற்றமாகவே படுகிறது.

ஃபிட்டிங் முடிந்து வண்டி வெளியே வந்தது. இளைய நிலாவைத்தான் போடச் சொன்னேன். பேஸ் கிடார் ஒவ்வொரு படியாக இறங்கியது. கண்ணாடியில் ஒரே ஒரு லாரி. பையன் தலையாட்டிக் கேட்டான், பணத்தைக் கொடுத்தான், சாவியை வாங்கினான். பிறகு என்னைவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய் நின்று கடைக்காரரிடம் குரலைத் தாழ்த்தினான்.

"ஏனுங்ணா, கதவெல்லாம் திறந்து வச்சா ரோட்ல கேக்குமில்ல?"

"அதுக்கு வேற டப்பா இருக்குதுங் தம்பி" என்றபடி அவர் மறுபடி உள்ளே போய் கேட்லாக்கை எடுத்தார்.