கூஜாவின் மானப் பிரச்சினை

சொம்பு, ஜால்ரா, கூஜா என்று வீட்டிலும் கோயிலிலும் புழங்கிய உலோகச் சாமான் எதையும் நாம் சும்மா விட்டதில்லை. பெரிய மனிதர்களின் பின்னால் அலைபவர்களைத் திட்ட எல்லாவற்றையும் பயன்படுத்திக்கொண்டோம். இவற்றில் எனக்குப் பாவமாகத் தெரிவது கூஜாதான்.

அதன் பூர்வீகம் பெரிய இடம். பாரசீகத்தில் 'கூஸா' என்றால் மண்ஜாடி. உமர் கய்யாமை 1859இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த ஃபிட்ஸ்ஜெரால்ட், குயவன் கடையில் பானைகள் கூடித் தத்துவம் பேசும் பகுதிக்குக் 'கூஸா நாமா' என்றே தலைப்பு வைத்தார். படைத்தவன் யார் என்று அங்கே வாதாடிய பாத்திரம், உருது வழியாக நம் பக்கம் வந்து, பித்தளை உடம்பும் திருகு மூடியும் கைப்பிடியும் பெற்று, கடைசியில் எங்கள் பெரியப்பாவிடம் மாட்டிக்கொண்டது.

பெரியப்பா வெளித் தண்ணீரைத் தொடமாட்டார். எங்கள் பெரம்பலூருக்கோ ரயில் கிடையாது. 1995இல் தனி மாவட்டமே ஆன பிறகும் தண்டவாளம் வரவில்லை. எந்த ஊருக்கு ரயிலில் போவதென்றாலும் அரியலூர் வரை பஸ். பஸ்ஸில் கூஜா என் மடியில். மூடியின் மரை கோணலாக ஏறிவிட்டால் பயில்வான் வந்தாலும் திறக்காது. சரியாக ஏறாவிட்டால் என் டவுசர் நனையும். ரயிலில் பெரியப்பா அண்ணாந்து குடிக்கும்போது வண்டி குலுங்கினால் எதிர் சீட்டுக்காரருக்கும் தீர்த்தம் உண்டு. அவர் முறைப்பதோ என்னை. கூஜா தூக்கினால் காரியம் ஆகும் என்பதெல்லாம் சுத்தப் புரளி.

ஆனால் இந்த உத்தியோகத்துக்கு எங்கள் பக்கத்தில் ராஜபரம்பரையே உண்டு. அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்துக்குக் கங்கை வந்த கதை அது. ராஜேந்திர சோழனின் தளபதி வடக்கே போய் ஜெயித்து, தோற்ற மன்னர்களைக் கொண்டே கங்கை நீரைச் சுமக்கவைத்துத் தன் அரசனிடம் சேர்த்தாராம். திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. அந்த வெற்றியின் ஞாபகமாக வெட்டிய சோழகங்கம்தான் இன்றைய பொன்னேரி. கூஜா என்ற சொல் அப்போது தமிழுக்கு வந்திருக்கவில்லை. ஏதோ குடமாக இருந்திருக்கும். வேலை என்னவோ அதேதான்: பெரியவருக்கான தண்ணீரைச் சிந்தாமல் கொண்டுவந்து சேர்ப்பது. என்ன, அவர்கள் சண்டை போட்டுத் தோற்ற பிறகு தூக்கினார்கள். இப்போதுள்ளவர்கள் சண்டையே வராமல் தூக்கிவிடுகிறார்கள்.

அதுவும் கூஜாவை அல்ல. தலைவருக்குப் பின்னால் ஓடி வருபவர் கையில் இருப்பது ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில். கூஜாக்கள் பாதி பரணுக்கும், பாதி பழைய பித்தளை எடைக்கும் போய்விட்டன. வசவு மட்டும் பாக்கி. காலத்துக்கு ஏற்றபடி 'பாட்டில் தூக்கி' என்று மாற்றலாமே என்று நண்பர்களிடம் சொல்லிப் பார்த்தேன். டாஸ்மாக் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டார்கள்.