இடது காலுக்கு வேலை இல்லாத ஊர்

கேன்டன், மிச்சிகன்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சித்தியின் முழங்கால் வலிக்கு அந்தத் தென்காசி எண்ணெய் கேட்கிறதா?

போன வாரம் வீடியோவில் பேசும்போது, என் நகக்கண்ணெல்லாம் ஏன் கறுத்திருக்கிறது என்று கேட்டீர்கள். நான் வாய் திறப்பதற்குள் சித்தி போனை வாங்கிப் பிள்ளைகளோடு பேசப் போய்விட்டார்கள். அதுவும் நல்லதுதான். போனில் சொல்லியிருந்தால் பாதியிலேயே "போலே, பொழப்பத்தவனே" என்று வைத்திருப்பீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. விஷயம் இதுதான்: எங்கள் வேனுக்கு கியர் ஆயில் மாற்றினேன். நானே, அடியில் படுத்து.

கட்டபொம்மன் பஸ்ஸில் மாஞ்சோலை ஏற்றத்தை முதல் கியரும் இரண்டாம் கியருமாக ஏறி இறங்கி, கிளட்ச் மிதித்தே இடது கால் சதையைக் கல்லாக்கி ரிட்டயர் ஆனவர் நீங்கள். கிளட்ச் இல்லாத வண்டி வாங்கியிருக்கிறேன் என்று சொன்னபோது, "அப்போ இடது காலை வீட்டிலேயே வச்சிட்டுப் போவியாலே?" என்று கேட்டீர்கள். அதற்கு இப்போதுதான் பதில் கிடைத்திருக்கிறது. அந்த இடது கால் எங்கேயும் போகவில்லை சித்தப்பா. கியர் பெட்டிக்குள் எண்ணெயாகக் கிடக்கிறது.

வண்டி 2010ஆம் வருஷத்து ஹோண்டா ஒடிசி, செகண்ட் ஹேண்ட். எட்டுப் பேர் உட்காரலாம். நம் ஊர் கல்யாணத்துக்குப் போனால் பதினெட்டுப் பேர். 1,20,000 மைல் ஓடியது, நம் கணக்கில் 2 லட்சம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஓட்டத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. ஒருநாள் உங்கள் மருமகள் ஓட்டிக்கொண்டிருக்கும்போது எதிரே 'பி 3' என்று எழுத்து வந்தது. இது எந்த தியேட்டரில் சீட் நம்பர் என்றாள். இந்த வண்டி தன் மருந்துச் சீட்டைத் தானே எழுதும். பி என்றால் என்ஜின் ஆயிலை மாற்றி பிரேக் முதலானவற்றைப் பார்க்க வேண்டும். 3 என்றால் கியர் பெட்டி ஆயில்.

டீலரிடம் எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். அவர் கொடுத்த சீட்டில் ஆயிலுக்கு ஒரு வரி, அதைத் தொடுகிற கைக்கு மூன்று வரி. இந்த நாட்டில் பொருள் மலிவு, கைதான் விலை. அதனால்தான் சனிக்கிழமை காலையில் தெருவில் நடந்தால் பேராசிரியர், பல் டாக்டர், பாதிரியார் எல்லோருடைய கால்களும் ஏதாவது ஒரு காருக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு அது பிடிக்காது. வீட்டு வாசலில் வண்டி பழுது பார்க்கக் கூடாது என்று கடிதம் போடுவார்கள். நாங்களும் காரேஜ் கதவைப் பாதி இறக்கிவிட்டு, கள்ளச்சாராயம் காய்ச்சுகிற மரியாதையோடு வேலையைச் செய்துகொள்கிறோம்.

இனி பெட்டி விவகாரம். என்ஜினுக்கும் கியருக்கும் நடுவில் உங்களுக்கு கிளட்ச் பிளேட். இங்கே எதிரெதிராக இரண்டு சக்கரம், உள்ளே இறக்கை இறக்கையாக. நடுவில் எண்ணெய். என்ஜின் ஒன்றைச் சுற்றினால், அது வீசுகிற எண்ணெயின் வேகத்தில் மற்றது சுற்றும். சிக்னலில் நின்றால் எண்ணெய் வழுக்கிக் கொடுக்கும், என்ஜின் அணையாது. நீங்கள் மிதித்து வைத்திருப்பதும் இதற்காகத்தானே? எங்கள் ஹோண்டா பெட்டியில் இன்னொரு விசேஷம். மற்ற கம்பெனிகள் பெரும்பாலும் சூரியன், கிரகம் என்று பல்சக்கரங்களை ஒன்றுக்குள் ஒன்றாக வைக்கும். இவர்கள் உங்கள் பஸ் பெட்டியைப் போலவே ஷாஃப்டுகளைப் பக்கம் பக்கமாக வைத்து, அதில் பல்சக்கரம் கோத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கியருக்கும் தனித்தனிக் குட்டிக் கிளட்ச். எண்ணெயின் அழுத்தம் ஒன்றை அழுத்தும், ஒன்றை விடும். ஆக, கிளட்ச் இல்லாத வண்டி என்று நீங்கள் ஏசுகிற வண்டியில் உங்கள் பஸ்ஸைவிட கிளட்ச் அதிகம்! மிதிப்பது, தள்ளுவது, உராய்கிற இடத்தைக் குளிர்விப்பது, எல்லாம் ஒரே எண்ணெய். சூடுதான் அதற்கு எமன். வெந்து வெந்து ஒருநாள் பவர் போய்விடும். உங்களுக்கு 58 வயதில் கொடுத்த ஓய்வை அதற்கும் கொடுக்க வேண்டாமா?

மாற்றலாமா கூடாதா என்பதில் இங்குள்ள தமிழர்கள் இரண்டு கட்சி. கோயிலில் இட்லி சாப்பிடும் இடத்தில் கேட்டதுதான் தாமதம், சாம்பார் ஆறிவிட்டது. பழைய பெட்டியில் புது எண்ணெய் ஊற்றினால் பெட்டியே போய்விடும் என்றார் ஒருவர். கிளட்ச் தேய்ந்த தூள் பழைய எண்ணெயில் மிதக்கிறதாம், அதுதான் பிடிப்புக் கொடுக்கிறதாம். அவருடைய மைத்துனருக்கு அப்படித்தான் ஆயிற்றாம். விசாரித்தால், கியர் வழுக்க ஆரம்பித்த பிறகு மைத்துனர் ஓடிப்போய் எண்ணெய் மாற்றியிருக்கிறார். மேல்மூச்சு வாங்கும்போது பெரியாஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, குளுக்கோஸ் ஏற்றித்தான் ஆளைக் கொன்றார்கள் என்று சொல்வார்களே, அந்தக் கணக்கு. ஓடுகிறபோதே மாற்றிவிட வேண்டும் என்பது என் கட்சி.

வேலைக்குத் துணை நின்றவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். மிச்சிகனில் எந்தத் தெருவில் கல்லெறிந்தாலும் கார் கம்பெனியில் ரிட்டயரான ஒருவர் மேல்தான் விழும். இவர் வில்லோ ரன் ஆலையில் ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி செய்தவர். பாதி இறக்கிய கதவுக்குக் கீழே என் கால்களைப் பார்த்ததும், கூப்பிடாமலே ஒரு ஸ்டூலோடு வந்துவிட்டார். நான் போல்ட்டைத் தேடுகிறேன், அவர் சரித்திரம் சொல்கிறார். ஜெனரல் மோட்டார்ஸ் 'ஹைட்ராமேட்டிக்' என்ற பெட்டியை 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் காரில் வைத்தது. மொத்த மொத்தமாகச் செய்து விற்ற முதல் முழு ஆட்டோமேட்டிக் அதுதான். யுத்தம் வந்ததும் அதே பெட்டியை ஸ்டூவர்ட் டாங்கியிலும் மாட்டினார்கள். கேட்டீர்களா சித்தப்பா, குண்டு மழையில் போனவனுக்கே கிளட்ச் இல்லை. பிறகு ரோல்ஸ் ராய்ஸே உரிமம் வாங்கிச் செய்தது.

1953 ஆகஸ்ட் 12 அன்று பக்கத்து லிவோனியாவில் அந்தப் பெட்டி செய்கிற ஆலை எரிந்துபோனது. வெல்டிங் பொறி எண்ணெய்த் தட்டில் விழுந்ததுதான் காரணம். பெரியவரின் அப்பா அப்போது அங்கே வேலையில் இருந்தாராம். பெட்டி இல்லாமல் காடிலாக் காரே பியூக்கின் பெட்டியைக் கடன் வாங்கி மாட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. யுத்தத்தில் ஃபோர்ட் கம்பெனி குண்டுவீச்சு விமானம் செய்த வில்லோ ரன் கொட்டகையைப் பிடித்து, அங்கே வேலையைத் திரும்ப ஆரம்பித்தார்கள். அதுவும் 2010இல் மூடியாயிற்று. என் வண்டி பிறந்த வருஷம்.

இந்த எண்ணெயில் ஒரு காலத்தில் திமிங்கிலக் கொழுப்பும் கலந்திருந்தது என்று அவர் சொன்னபோது, மேலேயிருந்து ஒரு சொட்டு என் நெற்றியில் விழுந்தது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதைத் தடை செய்தது. மாற்றுச் சரக்கு சரியாக அமையும் வரை பல பெட்டிகள் பாழாயினவாம்.

போல்ட் கிடைத்தது. ஸ்பேனர் போடத் தலை கிடையாது. நடுவில் சதுரப் பள்ளம், ராட்செட்டின் மூக்கு நேராக அதில் உட்காரும். கழற்றினால் எண்ணெய் கொட்டுகிறது. கடையில் வாங்கும்போது சிவப்பு, வேறு ஆயிலோடு குழம்பாமல் இருக்கவும் ஒழுகினால் அடையாளம் தெரியவும் சாயம் போட்டிருப்பார்கள். இது காப்பி டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்திருந்தது. போல்ட்டின் நுனியில் காந்தம், அதில் சாம்பல் நிறத்தில் மை. விரலில் தேய்த்துப் பார்த்தோம். மையாக இருந்தால் வயசுக்குரிய தேய்மானம், துண்டு துண்டாக இருந்தால் பர்ஸைத் திறக்கவேண்டியதுதான். மைதான். பெரியவர் என் முதுகில் தட்டினார். அந்தத் தட்டில் இரண்டு நாள் வலி.

இதில் ஒரு வில்லங்கம். அத்தனையும் இறங்காது. மூன்று லிட்டர் சொச்சம்தான் வரும். பாதிக்கு மேல் அந்த இறக்கைச் சக்கரம் முதலான இடங்களிலேயே தங்கிவிடும். அதனால் ஊற்றி, ஓட்டி, மறுபடி இறக்கி என்று மூன்று முறை செய்வது வழக்கம். உங்கள் மருமகள் கணக்கு டீச்சர் அல்லவா, காரேஜ் சுவரில் பென்சிலால் போட்டாள்: ஒவ்வொரு தடவையும் நூற்றுக்கு நாற்பது இறங்கினால் மிச்சம் அறுபது, பிறகு முப்பத்தாறு, பிறகு இருபத்திரண்டு. "மூணு தடவை மாத்தியும் அஞ்சில் ஒரு பங்கு பழசா? இதுக்கா ஒரு முழு சனிக்கிழமை?" என்றாள். கணக்குத் தெரிந்தவளைக் கட்டினால் இப்படித்தான்.

போல்ட்டைத் திரும்ப முறுக்கும்போது உங்கள் ஞாபகம் வந்தது. "கை சொல்லும்லே" என்பீர்கள். இங்கே கை சொல்வதை யாரும் கேட்பதில்லை. புது அலுமினிய வாஷர் போட்டு, 49 நியூட்டன் மீட்டர் என்று டார்க் ரெஞ்சில் வைத்தால், அந்த அளவு வந்ததும் டக்கென்று சத்தம் போடும். பெட்டியும் அலுமினியம், வீரத்தைக் காட்டினால் மரை போய்விடும்.

அளவு பார்ப்பது தனிச் சடங்கு. ரேடியேட்டர் விசிறி இரண்டு முறை சுற்றி நிற்கும்வரை என்ஜினை ஓட விட்டு, அணைத்து, 60 முதல் 90 விநாடிக்குள் குச்சியை எடுத்துப் பார்க்க வேண்டும். சின்னவன் விசிறியைக் காவல் காத்தான், பெரியவள் விநாடி எண்ணினாள், பெரியவர் டார்ச் பிடித்தார். நம் வீட்டில் பிள்ளை பிறந்த நேரம் குறித்தபோதுகூட இத்தனை பேர் கடிகாரம் பார்க்கவில்லை. ஜனவரியில் செய்திருந்தால் அந்த விசிறி சுற்றவே சுற்றாது, குளிர் அப்படி.

பழைய எண்ணெயைச் சாக்கடையில் விட்டால் அபராதம். கேனில் பிடித்து ஆட்டோ பார்ட்ஸ் கடைக்குக் கொண்டுபோனால் காசில்லாமல் வாங்கிக்கொள்கிறார்கள். கை துடைக்க இங்கே நீலக் காகிதச் சுருள், ஒரு துடைப்பில் கிழிந்துவிடும். அதனால்தான் நகக்கண் கறுப்பு.

ஜூலையில் நீங்களும் சித்தியும் வரும்போது, வண்டியைக் காலி மைதானத்தில் உங்களிடம் கொடுக்கிறேன். ஒன்றே ஒன்று: இடது காலை மடக்கி சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். பழக்கத்தில் கிளட்ச் என்று அதை நீட்டினால் அகலமான பிரேக்தான் அகப்படும். நீங்கள் மிதிக்கிற மிதியில் நாங்கள் எல்லோரும் கண்ணாடியில் ஒட்டிக்கொள்வோம். பெரியவரும் வருகிறேன் என்றிருக்கிறார். மாஞ்சோலை வளைவுகளைப் பற்றி உங்களிடம் கேட்க வேண்டுமாம். மொழிபெயர்க்க நான் இருக்கிறேன், ஏச்சை மட்டும் விட்டுவிடுவேன்.

வரும்போது கை துடைக்க இரண்டு கிலோ பனியன் வேஸ்ட் கொண்டு வாருங்கள். பெட்டியில் வடகத்துக்கே இடம் போதவில்லை என்று சித்தி சொல்வார்கள். வடகத்தை அதில் பொதிந்து வைத்தால் உடையாமல் வரும் என்று சொல்லிப் பாருங்கள்.

இப்படிக்கு,
அன்புள்ள மகன்,
முருகேசன்