மூன்றாம் பாட்டிலின் நோய்

வேளாண் கல்லூரி ஆய்வகத்தில் நெல் குலைநோய்க்கு முக்கிய அறிகுறி, மூடி உடைந்த மூன்றாம் பாட்டில். கண் வடிவப் புள்ளி, நடுவில் சாம்பல் நிறம் என்கிறது புத்தகம். ஃபார்மலினில் வருடக்கணக்காக ஊறிய இலைக்கு ஏது நிறம்? மூடியை மாற்றினால் வகுப்பே துங்ரோ நோய் என்று எழுதும்.

இத்தனைக்கும் நோயைச் செடியிலேயே பார்த்துக் கற்கலாம்; வாடிய தக்காளித் தண்டை வெட்டிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தொங்கவிட்டால் போதும். பாக்டீரியா வாடல் என்றால் சில நிமிடங்களில் வெண்ணிறக் கசிவு நூலாக இறங்கும். பூஞ்சை வாடலில் இறங்காது. செலவு ஒரு டம்ளர். ஆனால் செடிக்கு வயலுக்குப் போகவேண்டும், வயலுக்குப் பஸ் வேண்டும், பஸ்ஸுக்குக் கையெழுத்து வேண்டும். கோப்பு திரும்புவதற்குள் தக்காளி சந்தைக்குப் போய்விடும். மருந்துக் கடைக்காரருக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. இலையைப் பார்க்காமலேயே டப்பாவை எடுத்துவிடுவார்.