பிரிண்டருக்குப் பெயர் சூட்டல்

வீட்டு நெட்வொர்க்கில் டிஎன்எஸ் சர்வர் வைத்துப் பிரிண்டருக்கும் நாஸ் பெட்டிக்கும் உள்ளூர்ப் பெயர் கொடுப்பது இரண்டு வரி வேலை. அந்த இரண்டு வரி பின்னால் வரும். முதலில் முடிவு செய்ய வேண்டியது, பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து எதைப் போடுவது என்பது.

எல்லாரும் முதலில் போடுவது ‘டாட் லோக்கல்’. அதை 2013-இல் வெளியான இணைய விதி ஆவணம் ஆர்எஃப்சி 6762 மல்ட்டிகாஸ்ட் டிஎன்எஸ்ஸுக்குப் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டது. அதனால் ஒரு கருவி வீட்டு சர்வரை ஒழுங்காகக் கேட்கும். இன்னொன்று நெட்வொர்க் முழுக்கக் கூவிப் பார்த்துவிட்டு, பதில் இல்லை என்று கைவிரிக்கும். அடுத்து மனதில் வருவது ‘டாட் ஹோம்’. வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. ஆகவே அது கிடைக்காது. 2016-இல் ஆர்எஃப்சி 7788 ‘டாட் ஹோம்’ போடத்தான் சொன்னது. 2018-இல் ஆர்எஃப்சி 8375 வந்து, அது வேண்டாம், ‘ஹோம் டாட் அர்பா’ போடுங்கள் என்று திருத்தியது. எந்த வீட்டிலும் எவர் வாயிலும் நுழையாத பெயர் இது. ‘டாட் டெவ்’ போட்டவர்கள் கதை இன்னும் மோசம். அது கூகுளின் சொத்து. 2017 இறுதியில் வந்த குரோம் 63, எச்டிடிபிஎஸ் இல்லாமல் அந்தப் பெயர்களைத் திறக்க மாட்டேன் என்றுவிட்டது. ஜெர்மனியில் ரவுட்டர் பக்கத்தைத் திறக்க ‘ஃப்ரிட்ஸ் டாட் பாக்ஸ்’ என்று அடிப்பது பல வருடப் பழக்கம். 2024 ஜனவரியில் யாரோ அந்தப் பெயரை வெளியே பதிவு செய்துகொண்டார்கள். வெளி டிஎன்எஸ்ஸைக் கேட்ட கருவிகளில் ரவுட்டருக்குப் பதில் முன்பின் தெரியாத பக்கம் வந்து நின்றது. கடைசியில் 2024-இல்தான் இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் ‘டாட் இன்டர்னல்’ என்பதைத் தனி நெட்வொர்க்குகளுக்கு ஒதுக்கியது. 192.168 எண்களை ஆர்எஃப்சி 1918 ஒதுக்கியது 1996-இல். எண்ணுக்கும் பெயருக்கும் நடுவே 28 ஆண்டுகள். கமிட்டிகளுக்கு அவசரம் ஏது?

அந்த இரண்டு வரிப் பதிவை எழுதுவதில் சொல்ல ஒன்றுமில்லை. பை-ஹோல் போன்ற வீட்டு டிஎன்எஸ் சர்வரில் அதற்கென்றே ஒரு பக்கம் உண்டு. பெயர், ஐபி, சேமி.

சிக்கல் ரவுட்டரின் டிஹெச்சிபி பக்கத்தில் இருக்கிறது. ‘இரண்டாவது டிஎன்எஸ்’ என்ற கட்டம் காலியாகக் கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் அங்கே கூகுளின் பொது டிஎன்எஸ்ஸான 8.8.8.8 போடப்படுகிறது. முதலாவது படுத்தால்தான் இரண்டாவதைக் கேட்கும் என்ற நம்பிக்கை. பல கருவிகள் தோன்றினால் இதை, தோன்றினால் அதைக் கேட்கும். 8.8.8.8 வீட்டுப் பிரிண்டரைக் கண்டதில்லை. அப்படி ஒரு பெயரே கிடையாது என்று அடித்துச் சொல்லும். கருவி அதையும் கொஞ்ச நேரம் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளும். அதைத் தாண்டினால், டிஎன்எஸ் கேள்வியை எச்டிடிபிஎஸ்ஸுக்குள் ஒளித்து நேராக வெளியே அனுப்பும் பிரவுசர் காத்திருக்கிறது. அதற்கு வீட்டு சர்வர் இருப்பதே தெரியாது.

பிரிண்டரின் ஐபி முகவரியை ரவுட்டரில் நிலையாக்கி, அந்த எண்ணைத் தாளில் எழுதி அதன் தலையிலேயே ஒட்டி வைப்பவர்கள் விவரமானவர்கள்.