குழாயும் வைத்தியச் செலவே

2021 பிப்ரவரி 1. கர்நாடகத்திலிருந்து மாநிலங்களவைக்குப் போன நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், மக்களின் உடல்நலத்துக்கும் நல்வாழ்வுக்கும் 2,23,846 கோடி ரூபாய் என்று அறிவித்தார். முந்தைய ஒதுக்கீட்டைவிட 137 சதவீதம் கூடுதலாம். ஏட்டைப் புரட்டினால், குடிநீர், கழிவறைத் துறையின் 60,030 கோடி அதற்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. சுகாதாரத் துறையின் சொந்தப் பங்கு சுமார் 71,000 கோடிதான். குழாயும் கக்கூசும் வைத்தியச் செலவு! நல்ல தண்ணீர் குடித்தால் பேதி வராது, வாஸ்தவம். அந்த நியாயப்படி ரேஷன் அரிசியையும் சேர்த்திருக்கலாமே, பட்டினி கிடந்தாலும்தானே உயிர் போகிறது.

மூன்றே மாதம். கொரோனாச் சாவுகள் குவிய, பெங்களூரு சாமராஜபேட்டை மயானத்தில் 'ஹவுஸ்ஃபுல்' பலகை மாட்டினார்கள். கெம்பேகௌட சாலைத் தியேட்டர்களில் ராஜ்குமார் படத்துக்குத் தொங்கிய பலகை, ஐயா அது!

அரசின் சுகாதாரச் செலவை நாட்டு உற்பத்தியில் 1.15 சதவீதத்திலிருந்து 2025-க்குள் 2.5 ஆக்குவோம் என்று 2017-இல் கொள்கையே எழுதினார்கள். 2021-22-இல் அது 1.84. அதுவும் தடுப்பூசிக்கென்றே 35,000 கோடி ஒதுக்கிய ஆண்டு. கொரோனாவே வந்து முட்டுக்கொடுத்தும் வண்டி மேடேறவில்லை.

மொத்த வைத்தியச் செலவில் ஜனங்களின் கைக்காசு 64.2 சதவீதத்திலிருந்து 39.4-க்கு இறங்கிவிட்டது என்று மார்தட்டல் வேறு. 2018 முதல் வருமான வரியின் மேல் 'சுகாதார, கல்வி' செஸ் என்று 4 சதவீதம் பிடிக்கிறீர்களே, அது யார் வீட்டுக் காசு?

இங்கே கர்நாடகத்தில் ஆளும் கட்சி வேறு. கணக்கு வாத்தியார் மட்டும் ஒருவரே போலிருக்கிறது. 2024 நவம்பரில் பெங்களூரு விக்டோரியா அரசு மருத்துவமனையில் புறநோயாளி சீட்டு 10 ரூபாயிலிருந்து 20 ஆனது. உள்நோயாளியாகச் சேர 25 கொடுத்த இடத்தில் 50. நூறு சதவீத வளர்ச்சி! டெல்லியின் 137-ஐ எட்டிப் பிடிக்க இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

கலாசிப்பாளையத்தில் மூட்டை தூக்குகிறவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அந்த வரிசையில் நிற்கிறார். சீட்டுக்கு இருபது. நா வறண்டு பாட்டில் தண்ணீர் வாங்கினால் இன்னொரு இருபது. அதையும் உங்கள் சுகாதாரக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள், அம்மா, குடிநீர்தானே.